புட்டிக்கு எத்தனை ஈ

பீடோர்
4 ஆகஸ்ட் 2025, திங்கள்

மதிப்புக்குரிய புஷ்பலதா டீச்சர் அவர்களுக்கு,

உங்கள் தம்பி சுகுமாரன் எழுதுவது. அக்கா என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். அப்பாவின் பதினாறாம் நாளன்று சொந்தக்காரர்கள் எல்லார் முன்னாலும் நீ பேசியது ஞாபகம் வந்தது. டீச்சரே போதும் என்று விட்டுவிட்டேன்.

என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டாய். அதனால் இதை பழனியப்பன் அண்ணன் லாரியில், கொய்யாப் பெட்டியோடு அனுப்புகிறேன். திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் அவர் ஈப்போ பசார் சந்தைக்குச் சரக்கு ஏற்றுகிறார். போகிற வழியில் உன் வீட்டு கேட்டில் பெட்டியை வைப்பார். பதில் எழுதினால் அவரிடமே கொடுத்தனுப்பு. பழம் நல்ல பழம், தைரியமாகத் தின்னலாம். தோட்டத்துக் கை பட்டது உன் மாமியாருக்கு ஆகாது என்றால் கழுவிக் கொடு.

வக்கீல் அனுப்பிய தாள் கிடைத்தது. மூன்று ஏக்கரையும் டுரியான் பழக் கம்பெனிக்கு விற்க நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். கெரானில், அதான் நிலப் பட்டாவில், அப்பா நம் ரெண்டு பேர் பெயரையும் எழுதி வைத்துவிட்டுப் போனார். என் கையெழுத்து இல்லாமல் உன்னால் ஒன்றும் கிழிக்க முடியாது. இதற்கு எஸ்.பி.எம். பரீட்சையில் கணக்கில் பாஸ் ஆகியிருக்க வேண்டியதில்லை.

பாதி நிலம் உன்னுடையது என்பதால் ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு மறைத்தான் என்று ஒரு பேச்சு வரக்கூடாது. பழ ஈ வந்திருக்கிறது. நேற்று ஞாயிறு, பொறி வைத்த பத்துப் புட்டிகளையும் இறக்கி எண்ணினேன். புட்டிக்கு ரெண்டு ஈ. காய் எல்லாவற்றுக்கும் பை கட்டியாகிவிட்டது, 24ஆம் தேதி பறிக்கலாம். அன்றைக்குப் புட்டிக்கு நூறு தாண்டியிருந்தால் பழம் வாங்குகிற டவுக்கே ஒன்றுகூட எடுக்க மாட்டான், லாரியை வெறுமனே திருப்பிவிடுவான். இங்கே எல்லாத் தோட்டத்துக்கும் அவன் வைத்திருக்கிற சட்டம் அது.

நீதான் பெரிய கணக்கு ஆயிற்றே. ரெண்டு ஈ மூன்று வாரத்தில் எத்தனை ஆகும் என்று சொல்ல முடிந்தால் சொல். முடியாவிட்டால் பேசாமல் இரு.

சுகுமாரன்


ஈப்போ
6 ஆகஸ்ட் 2025

சுகுமாரா,

டீச்சர் என்று அழைத்தது சரிதான். உன் கடிதத்தில் எட்டு எழுத்துப் பிழைகள். சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறேன், பார்த்துக்கொள்.

பதினாறாம் நாளில் நான் பொய் எதுவும் சொல்லவில்லை. "இவனுக்கு எண்ணத் தெரியாது, இவன் எப்படி மூணு ஏக்கரைப் பார்த்துக்குவான்" என்று கேட்டேன். பள்ளியில் மூன்றாம் படிவத்தில் கணக்கில் தோற்றாய். ஐந்தாம் படிவத்திலும் தோற்றாய். இது அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். சொன்னதில்தான் என்ன குற்றம்?

நிலத்தை ஏன் விற்கச் சொல்கிறேன் என்று நீ ஒருநாளும் கேட்டதில்லை. நானே சொல்கிறேன். இருபது வருடமாக இந்த வீட்டில் விருந்தாளி யார் வந்தாலும் என் மாமியார் பூமணி என்னை எப்படி அறிமுகம் செய்கிறார் தெரியுமா? "எங்கட மருமகள் தோட்டத்துப் பிள்ளைதான், எண்டாலும் படிச்ச பிள்ளை." அந்த 'எண்டாலும்' என்ற சொல்லை இருபது வருடமாகக் கேட்கிறேன். என் வீட்டுக்காரர் ரஜீவின் தாத்தா ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்து பெயர் கூப்பிட்டாராம், நம் தாத்தா கை கட்டி வரிசையில் நின்றாராம். அதை இன்னும் மறக்காத வீடு இது. பீடோரில் என் பெயரில் ஒரு பிடி மண் இருக்கும் வரை எனக்கு விடுதலை இல்லை. நீ அந்த மண்ணிலேயே புரண்டு சுகமாக இருக்கிறாய். உனக்கு இது விளங்காது.

கணக்குக்கு வருகிறேன். இரண்டு என்பது ஒரே ஒரு எண். ஒரு எண்ணை வைத்துக்கொண்டு யாராலும் எதுவும் சொல்ல முடியாது. வருகிற ஞாயிறு அதே பத்துப் புட்டிகளை, அதே நேரத்தில் எண்ணி எழுது.

இனி நிபந்தனை. கணக்குப்படி 24ஆம் தேதி புட்டிக்கு நூறுக்குள் நிற்கும் என்றால் தாளை வக்கீலிடமிருந்து திரும்ப வாங்கிக்கொள்கிறேன், விற்கும் பேச்சை இனி எடுக்க மாட்டேன். நூறைத் தாண்டும் என்றால் நீ கையெழுத்துப் போட வேண்டும். வாங்குகிறவர்கள் கொய்யா மரங்களை வெட்டி வெறும் நிலமாகக் கேட்கிறார்கள். அந்த வேலையும் உன்னுடையது. சம்மதமா?

புஷ்பலதா

கொய்யா இனிப்பாக இருந்தது என்று மாமியார் சொல்லச் சொன்னார். எனக்குத் தெரியாது, நான் தின்னவில்லை.


பீடோர்
11 ஆகஸ்ட் 2025, திங்கள்

டீச்சருக்கு,

சம்மதம். நீ வாயால் சொன்னால் நம்ப மாட்டேன். கையால் எழுதிக் கொடுத்திருக்கிறாய், பத்திரமாக வைத்திருக்கிறேன்.

நேற்று எண்ணினேன். புட்டிக்கு ஆறு.

பேனாவைக் கீழே போடு, கணக்கை நானே போட்டுவிட்டேன். ரெண்டு இருந்தது, ஆறு ஆயிற்று. வாரத்துக்கு நாலு கூடுகிறது. அடுத்த ஞாயிறு பத்து, பறிக்கிற ஞாயிறு பதினாலு. நூறு எங்கே, பதினாலு எங்கே? இதற்கு ஒரு பல்கலைக்கழகம், ஒரு பட்டம், சுவரில் ஒரு கறுப்புத் தொப்பி போட்டோ. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை.

உன் மாமியார் விஷயம் படித்தேன். அந்தம்மா அப்படிச் சொல்கிறது என்றால் நீ திருப்பிச் சொல்ல வேண்டியதுதானே, "ஆமாம், தோட்டத்துப் பிள்ளைதான், அதுக்கு என்ன இப்ப?" என்று. உனக்கு அங்கே வாய் வராது. அந்தக் கோபத்தை எல்லாம் மூட்டை கட்டி வந்து என் தலையில் கொட்டுவாய். ஊரில் இளைத்தவன் நான் ஒருவன்தானே.

எழுத்துப் பிழை திருத்திய கடுதாசியை அடுப்பு பற்றவைக்க எடுத்துக்கொண்டேன். நன்றாக எரிந்தது.

சுகுமாரன்


ஈப்போ
13 ஆகஸ்ட் 2025

சுகுமாரா,

வாரத்துக்கு நாலு கூடுகிறதாம். படித்துவிட்டு ஆசிரியர் அறையில் வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்து மேசைக்காரர் என்ன என்று கேட்டார். சொல்ல வெட்கமாக இருந்தது.

ஈ என்ன, கோயில் பந்தியில் நாலு நாலு பேராக வந்து உட்காருகிற ஆளா? அது முட்டை போட்டுப் பெருகுகிற சாதி. இரண்டு ஈ ஆறு ஆயிற்று என்றால் நாலு கூடவில்லை, மும்மடங்கு ஆகியிருக்கிறது. அடுத்த வாரம் அந்த ஆறும் மும்மடங்கு ஆகும். அதற்கடுத்த வாரம் அதுவும் ஆகும். நீ ரூலர் வைத்து இழுக்கிற நேர்கோட்டில் அது ஏறாது, வளைந்து மேலே பாயும். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்காமல் இதைப் படி.

y = 2 × 3ˣ

y என்பது ஒரு புட்டியில் விழும் ஈ. x என்பது வாரம். நீ முதலில் எண்ணிய 3ஆம் தேதி பூஜ்யம், 10ஆம் தேதி ஒன்று, 17ஆம் தேதி இரண்டு, பறிக்கிற 24ஆம் தேதி மூன்று. தலைமேல் சின்னதாக நிற்கிற x, கீழே இருக்கிற எண்ணை எத்தனை முறை எழுதிப் பெருக்குவது என்று சொல்கிறது. x பூஜ்யமானால் அது 1 ஆகும். 0 ஆகாது. மூன்றாம் படிவத்தில் 0 என்று எழுதி, பரீட்சைத் தாளை அப்பாவிடம் காட்டாமல் கோழிக்கூட்டில் ஒளித்தவன் நீ. ஆகவே இன்னொரு முறை எழுதுகிறேன், 1.

விடையை நான் சொல்ல மாட்டேன். என் நாலாம் படிவப் பிள்ளைகளுக்கே ஊட்டிவிடுவதில்லை, நாற்பத்திரண்டு வயது ஆம்பிளைக்கு ஊட்டிவிடுவேனா? கிராப் தாள் ஒன்று வைத்திருக்கிறேன். x-க்கு 0, 1, 2, 3 என்று போட்டு, ஒவ்வொன்றுக்கும் y என்ன என்று கண்டுபிடி. நாலு புள்ளிகளையும் வைத்து, கையாலேயே வளைவாக இணை. மூன்றாம் வாரத்துப் புள்ளி நூறுக்கு மேலா கீழா என்று உன் கண்ணாலேயே பார். பிறகு அக்கா ஏமாற்றினாள் என்று ஊரெல்லாம் சொல்லாதே.

புஷ்பலதா


பீடோர்
15 ஆகஸ்ட் 2025, வெள்ளி

அக்கா,

போட்டேன். நேற்று மத்தியானத்திலிருந்து உட்கார்ந்து, சோறு தின்னாமல் போட்டேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. மூன்று தடவையும் அதே விடைதான்.

நாம் கொய்யாப் பெட்டி நிரப்புகிற மாதிரியே போட்டேன். ரெண்டு வரிசை, வரிசைக்கு மூன்று காய், ஆறு காய் ஒரு தட்டு. ஒரு தட்டுக்கு எத்தனை என்று முதலில் தெரிந்துகொண்டு, அதற்கப்புறம்தான் மேலே என்ன ஏற்றுவது என்று பார்ப்போம். அப்பா சொல்லிக் கொடுத்தது. ரெண்டும் மூன்றும் பெருக்கி ஆறு. அதன் தலையில் x.

x பூஜ்யம், y ஒன்று.
x ஒன்று, y ஆறு.
x ரெண்டு, y முப்பத்தாறு.
x மூன்று, y இருநூற்றுப் பதினாறு.

கடைசிப் புள்ளி நீ கொடுத்த தாளில் ஏறவே இல்லை. மேலே காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து ஒட்டி, அதில் வைத்தேன். தாளை இதோடு வைத்திருக்கிறேன், பார்த்துக்கொள்.

ஒன்று மட்டும் இடித்தது. பூஜ்யத்துக்கு ஒன்று என்று வருகிறது. அன்றைக்கு நான் எண்ணியது புட்டிக்கு ரெண்டு. நானே எழுதிய நோட்டை எடுத்துப் பார்த்தேன், ரெண்டு என்றுதான் இருக்கிறது. யோசித்து யோசித்துப் பார்த்தேன். உன் கணக்கு தப்பாகுமா? நான்தான் தப்பாக எண்ணியிருப்பேன். ஒரே ஈயை ரெண்டு தடவை எண்ணியிருப்பேன். எண்ணத் தெரியாதவன்தானே.

நீ ஜெயித்துவிட்டாய். வக்கீல் தாளில் கையெழுத்துப் போட்டு உள்ளே வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை எண்ணிக்கைக்கு நான் காத்திருக்கப் போவதில்லை. முப்பத்தாறை என் கண்ணால் பார்க்கவா? நாளைக்குக் காலையில் பக்கத்து நிலத்துக்காரனிடம் மரம் அறுக்கிற மெஷினை வாங்கி வெட்ட ஆரம்பிக்கிறேன். ஆள் வைத்து வெட்டலாம் என்றான். அப்பா நட்டதை வேற எவனும் வெட்ட வேண்டாம், நானே வெட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

இனிமேல் கெரானில் உன் பெயர் இருக்காது. அந்தம்மாவிடம் சொல்லு, சந்தோஷப்படும்.

சுகுமாரன்


ஈப்போ
15 ஆகஸ்ட் 2025, வெள்ளி, காலை 10.40

முட்டாளே, மெஷினைக் கீழே வை.

இதைப் படிக்கும்போது உன் கையில் மெஷின் இருந்தால் அணைத்துவிட்டுப் படி. மற்றதெல்லாம் பிறகு.

மூன்றாம் வாரத்து விடை 216 இல்லை. 54. நூறுக்குள்தான் இருக்கிறது. நீ வெட்ட வேண்டியதில்லை.

பெட்டி நிரப்புகிற மாதிரிப் போட்டாயாம். தலைமேல் இருக்கும் x அந்த 3-க்கு மட்டும் சொந்தம், 2-ஐ அது தொடாது. முதலில் மூன்றைப் பெருக்கி முடிக்க வேண்டும். மூன்றை மூன்று முறை எழுதிப் பெருக்கினால் இருபத்தேழு. அதற்கப்புறம்தான் 2-ஆல் பெருக்குவது, ஐம்பத்து நாலு. நீ இரண்டையும் முதலிலேயே சேர்த்து ஆறாக்கி, ஆறின் மேல் ஏற்றிவிட்டாய். என் வகுப்பில் பாதிப் பேர் செய்கிற பிழை இது. நாலு புள்ளியில் மூன்று தப்பு. (1, 6) ஒன்றுதான் சரி, அதுவும் உன் திறமையால் இல்லை. உன் வளைவும் என் வளைவும் அந்த ஒரே இடத்தில்தான் முட்டிக்கொள்கின்றன.

இதையெல்லாம் நான் 13ஆம் தேதியே ஒரு வரியில் எழுதியிருக்கலாம். 54 என்று எழுத என்ன, பத்து நிமிடமா ஆகும்? 'கீழே இருக்கிற எண்' என்று எழுதினேனே, எந்த எண் என்று எழுதினேனா? ஊட்டிவிட மாட்டேன் என்று திமிரோடு எழுதினேன். இப்போது அந்த வரியை நினைத்தால் என்னையே செருப்பால் அடிக்க வேண்டும் போல இருக்கிறது.

உண்மையைச் சொல்கிறேன். உன் கடிதத்தைக் காலை எட்டு மணிக்கே படித்துவிட்டேன். பிழை எங்கே என்று முதல் பார்வையிலேயே தெரிந்துவிட்டது. கையெழுத்துப் போட்ட தாளை மேசை மேல் வைத்து ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். ரஜீவ் சொன்னார், "அவரே சைன் வச்சிட்டார். பிறகு உமக்கென்ன? பேசாம இரும்." பேசாமல்தான் இருந்தேன். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், நான் கேட்டது எல்லாம் என் கைக்கு வந்துவிடும். இந்த வீட்டில் வாயை மூடிக்கொண்டிருக்க எனக்கு நல்ல பழக்கம்.

ஆனால் அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. ஒரே ஈயை இரண்டு தடவை எண்ணியிருப்பேன் என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியை. டேய், நீ எண்ணியது இரண்டு. அது இரண்டுதான். அந்த 2-ஐ வைத்துத்தானே நான் சூத்திரத்தையே எழுதினேன். கணக்கு உன் கண்ணோடு ஒத்துப்போகவில்லை என்றால் கணக்கைத்தான் சந்தேகப்பட வேண்டும், கண்ணை இல்லை. இது தெரியாமலா இத்தனை வருடம் விவசாயம் செய்தாய்? இப்படி உன்னை நினைக்க வைத்தது யார் என்று எனக்குத் தெரியும். நீ சொல்ல வேண்டியதில்லை.

உன் நம்பரைத் திறந்து ஐந்து முறை கூப்பிட்டேன். நீயும் என்னைப் பிளாக் செய்திருக்கிறாய். நன்றாக இருக்கிறது. பக்கத்து நிலத்துக்காரன் நம்பர் என்னிடம் இல்லை, தெரிந்துகொள்ள ஒருநாளும் நினைத்ததில்லை. காரை ரஜீவ் எடுத்துப் போய்விட்டார். பதினொரு மணியிலிருந்து எனக்குப் பரீட்சை மேற்பார்வை. அதனால் வாடகைக் கார் பிடித்து பசாருக்குப் போய்ப் பழனியப்பன் கையிலேயே இதைக் கொடுக்கிறேன்.

நீ கையெழுத்துப் போட்ட தாளை நாலாகக் கிழித்து உள்ளே வைத்திருக்கிறேன்.

மரத்தைத் தொடாதே.

புஷ்பலதா


பீடோர்
18 ஆகஸ்ட் 2025, திங்கள்

டீச்சருக்கு,

உன் கடுதாசி சனிக்கிழமை பத்தரை மணிக்குக் கிடைத்தது. அதற்குள் பதினொரு மரம் போயிருந்தது.

பழனியப்பன் அண்ணன் வெள்ளிக்கிழமை சாயந்திரமே பீடோர் வந்துவிட்டார். நேரே வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டார். காலையில் காலிப் பெட்டிகளை இறக்க வந்தவர் மெஷின் சத்தத்தில் ரெண்டு தடவை கூப்பிட்டிருக்கிறார், எனக்குக் கேட்கவில்லை. நேற்றே கொடுத்திருக்கக் கூடாதா என்று கேட்டேன். "கடுதாசிதானே லா, தம்பி. பழமா, அழுகிப்போக?" என்றார். படித்துக் காட்டினேன். உட்கார்ந்துவிட்டார் பாவம். அவரை ஒன்றும் சொல்லாதே.

தெற்கு ஓரத்து வரிசை முழுசும் போயிற்று. அப்பா முதல் முதலில் நட்ட வரிசை. காயோடு சாய்ந்தன. நான் அழுதேன். உன்னிடம் சொல்வதற்கு என்ன.

இப்போது என் முறை. நன்றாக உட்கார்ந்து படி.

நேற்று ஞாயிறு, உன் x ரெண்டு. உன் சூத்திரப்படி புட்டிக்குப் பதினெட்டு இருக்க வேண்டும். என் தப்புக் கணக்குப்படி முப்பத்தாறு. நான் எண்ணினேன். ஒரு தடவைக்கு மூன்று தடவை எண்ணினேன், பழனியப்பன் அண்ணனையும் எண்ணச் சொன்னேன். புட்டிக்கு ஒன்பது.

ஒன்பது, டீச்சர். உன் வளைவிலும் இல்லை, என் வளைவிலும் இல்லை.

ஏன் என்று உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். தினமும் விடிந்ததும் மரத்தடியில் விழுந்த பழத்தை எல்லாம் பொறுக்கி, முழங்கை ஆழத்துக்குக் குழி வெட்டி மூடுகிறேன். விழுந்த பழத்தில்தான் புழு வளரும், புழுதான் ஈயாகும். பொறுக்கிப் புதைத்தால் அது எப்படி மும்மடங்கு ஆகும்? நாலாம் தேதியிலிருந்து செய்கிறேன். பலன் தெரிய ரெண்டு வாரம் ஆகும். நீ ஒரு கடுதாசியிலாவது, "அங்கே நீ என்னடா செய்கிறாய்" என்று கேட்டாயா? தோற்றவன் என்ன செய்துவிடப் போகிறான் என்று நேரே சூத்திரத்துக்குப் போய்விட்டாய்.

சரி, நானும்தான் முட்டாள். காலையில் குழி வெட்டிய கையால் மத்தியானம் இருநூற்றுப் பதினாறு என்று எழுதினேன். என் மண்வெட்டியை விட உன் சூத்திரத்தை நம்பினேன்.

ஆனால் உன்னை ஒன்று கேட்கிறேன். ரெண்டு, ஆறு. ரெண்டே ரெண்டு புள்ளி. ரெண்டு புள்ளியை வைத்துக்கொண்டு வளைவு இப்படித்தான் போகும் என்று அடித்துச் சொன்னாய். ஒரு எண்ணை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று எழுதினவள், ரெண்டு எண் கிடைத்ததும் ஜோசியக்காரி ஆகிவிட்டாய். என்னையும் அப்படித்தான் வரைந்தாய். மூன்றாம் படிவம் ஒரு புள்ளி, ஐந்தாம் படிவம் ஒரு புள்ளி. அதற்கப்புறம் இருபத்தைந்து வருடம் நான் என்ன செய்தேன் என்று நீ எண்ணவே இல்லை. கோட்டை மட்டும் இழுத்துக்கொண்டே வந்து, அப்பா காரியத்தில் எல்லாருக்கும் காட்டினாய்.

சிவப்பு மை இருந்தால் இதைத் திருத்து பார்ப்போம்.

சுகுமாரன்


ஈப்போ
20 ஆகஸ்ட் 2025

சுகுமாரா,

ஆறு எழுத்துப் பிழை. திருத்தவில்லை.

இரண்டு புள்ளிகள் வழியாக எத்தனை வளைவு வேண்டுமானாலும் வரையலாம். இது எனக்குத் தெரியாதா? வருடா வருடம் இதை வகுப்பில் சொல்கிறவள் நான். உன் விஷயத்தில் மட்டும் மறந்துபோனேன். மறந்துபோனேன் என்பதுகூடப் பொய். அந்த வளைவு எனக்கு வசதியாக இருந்தது, அதனால் மூன்றாவது புள்ளியைத் தேடவில்லை. உனக்கு எண்ணத் தெரியும் என்று எழுதிக் கொடுக்கிறேன். இந்தத் தாளையும் அடுப்பில் போட்டுவிடாதே.

வக்கீலுக்கு நேற்று சொல்லிவிட்டேன். 24ஆம் தேதி எத்தனை வந்தாலும் சரி, விற்பனை இல்லை. ரஜீவ் இரண்டு நாளாகப் பேசவில்லை. பேசாத நேரத்தில் வீடு அமைதியாக இருக்கிறது.

நேற்று மாலை மாமியாரின் தங்கை வந்திருந்தார். வழக்கம்போல, "எங்கட மருமகள் தோட்டத்துப் பிள்ளைதான், எண்டாலும்" என்று ஆரம்பித்தார். "ஆமாம் மாமி, தோட்டத்துப் பிள்ளைதான், அதுக்கு என்ன இப்ப?" என்று கேட்டேன். நீ எழுதிய வாக்கியத்தை அப்படியே சொன்னேன், சொந்தமாக ஒன்றும் வரவில்லை. இருவரும் டீயைக் குடித்து முடித்தார்கள். அவ்வளவுதான். அதற்கு நான் இருபது வருடம் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

பதினொரு மரத்தை என்னால் திருப்பித் தர முடியாது. மன்னித்துவிடு என்று எழுதினால் உனக்குச் சிரிப்பு வரும். எழுதிவிட்டேன், சிரித்துக்கொள்.

அடுத்த பெட்டி எப்போது வரும்? அதிலாவது நான் ஒன்று தின்று பார்க்கிறேன்.

அக்கா


பீடோர்
12 செப்டம்பர் 2025, வெள்ளி

அக்கா,

பெட்டி இதோடு வருகிறது. நல்லதாகப் பொறுக்கி வைத்திருக்கிறேன். உள்ளே சிவப்பு.

24ஆம் தேதி புட்டிக்குப் பதினொன்று. டவுக்கே ரெண்டு லாரி அனுப்பினான். வெட்டின வரிசையைப் பார்த்துவிட்டு, "அலாமா, ஏன் சுகு, உனக்கு என்ன பைத்தியமா?" என்று கேட்டான். "எங்க அக்கா கணக்கு டீச்சர்" என்று சொன்னேன்.

உன்னை மன்னிக்கவில்லை. அவசரப்படாதே, அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. அந்த வரிசைப் பக்கம் போனால் இன்னும் வயிறு எரிகிறது. உன் நம்பரையும் திறக்கவில்லை. போன் என்றால் நீ பேசிக்கொண்டே போவாய், எனக்கு நடுவில் பதில் வராது. கடுதாசியில் உனக்குச் சமமாக நிற்க முடிகிறது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். போன வாரம் அந்த வரிசையில் புல் வெட்டப் போனேன். முதல் கட்டையில் பட்டைக்கு அடியில் பச்சையாக என்னமோ முட்டிக்கொண்டு நின்றது. குனிந்து பார்த்தேன், தளிர். மூன்று. இன்றைக்குக் காலையில் அதே கட்டையில் எண்ணினேன். எட்டு.

பேனாவைக் கீழே போடு. மூன்று, எட்டு என்று வைத்துக்கொண்டு சூத்திரம் எழுதாதே. அடுத்த வெள்ளி எத்தனை என்று நான் சொல்லவும் மாட்டேன், ஐம்பது வயதை எட்டப் போகிற பொம்பிளைக்கு ஊட்டிவிட மாட்டேன். மூன்றாவது புள்ளி வேண்டும் என்றால் பஸ் ஏறி வந்து, குனிந்து, நீயே எண்ணு.

வரும்போது கிராப் தாள் கொண்டு வா. நீ கொடுத்தது தீர்ந்துவிட்டது.

சுகுமாரன்